கொலைகாரர் யார் என்று தெரிந்த பிறகு

எங்கள் வீட்டில் துப்பறியும் நாடகம் ஓடும்போது என் கணவரின் அருகில் உட்காருவது ஆபத்து. பத்தாவது நிமிடத்திலேயே கொலைகாரர் யார் என்று சொல்லிவிடுவார். தடயங்களை ஆராய்ந்து சொல்கிறாரா என்றால், அதுவும் இல்லை. “இந்த நடிகர் பெரிய ஆள். இரண்டு வரி வசனம் பேசிவிட்டுப் போவதற்கா இவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள்? இவர்தான்!” என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். உயர்நிலை மூன்றில் படிக்கும் எங்கள் மகளுக்கு அப்போது வரும் கோபம் இருக்கிறதே! “போங்கப்பா, இனிமேல் நான் எதற்குப் பார்க்கணும்?” என்று தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள்.

அவள் கேட்பது நல்ல கேள்வி. பாடநூலுக்கான கதைகளையும் கட்டுரைகளையும் தேர்ந்தெடுப்பது என் அலுவல். வகுப்பறையில் ஒரு பகுதியை யாரும் ஒருமுறை மட்டும் படிப்பதில்லை. ஆசிரியர் படிப்பார், மாணவர் படிப்பர், தேர்வுக்கு முன்னர் மறுபடியும் படிப்பர். ஆகவே, முடிவு தெரிந்த பிறகும் இதில் படிப்பதற்கு ஏதேனும் மிஞ்சுமா என்று பார்த்துத்தான் நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே கேள்வியைத் துப்பறியும் நாடகங்களிடம் கேட்டால், பெரும்பாலானவை தோற்றுவிடுகின்றன. பெயர் தெரிந்தது, கதை முடிந்தது. பிழிந்த கரும்பைப் போல, மறுநாள் அதில் சாறு இல்லை.

ஆனால், நான் பலமுறை பார்த்த இரண்டு அங்கங்கள் உண்டு. இரண்டும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தவை. ஒன்றில், கொலைகாரன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மற்றொன்றில், கடைசிவரை தெரியவே தெரியாது. துப்பறியும் கதைக்கு உயிர் என்று எதை எல்லாரும் சொல்கிறார்களோ, அது இந்த இரண்டிலுமே இல்லை. பிறகு இவற்றில் என்னதான் இருக்கிறது?

முதலாவது, ‘கொலம்போ’ என்ற தொடரைச் சேர்ந்தது. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரு நண்பர்கள் இணைந்து உருவாக்கிய துப்பறிவாளர் கொலம்போ. கசங்கிய மழைக்கோட்டு, கையில் பாதி புகைத்த சுருட்டு, எப்போதும் எதையோ மறந்துவிட்டவரைப் போன்ற முகம். அந்தப் பாத்திரத்தில் நடித்த பீட்டர் ஃபால்க் தம் சொந்தக் கோட்டையே அணிந்து நடித்தார். 1968இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தில் ஃபால்க் ஏற்று நடித்த இந்தப் பாத்திரம், 1971இல் வழக்கமான தொடராக வரத் தொடங்கியபோது, முதலில் ஒளிபரப்பான அங்கத்தின் பெயர் ‘மர்டர் பை த புக்’. அதை இயக்கியவருக்கு அப்போது வயது 24. அவருடைய பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். ‘ஜாஸ்’, ‘ஜுராசிக் பார்க்’ எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கதை இதுதான். கென் ஃபிராங்க்ளின், ஜிம் ஃபெரிஸ் இருவரும் சேர்ந்து மர்ம நாவல்கள் எழுதிப் பெயரும் பணமும் பெற்றவர்கள். அட்டையில் இருவர் பெயரும் இருக்கும். உண்மையில் எழுதுபவர் ஜிம் ஒருவரே. கென் பேட்டி கொடுப்பான், விருந்துகளுக்குப் போவான், செலவு செய்வான். இனித் தனியாக எழுதப்போவதாக ஜிம் முடிவு செய்ததும் கென்னின் வாழ்க்கை ஆட்டம் காண்கிறது. ஜிம்மைத் தன் ஒதுக்குப்புற வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கிருந்து மனைவிக்குத் தொலைபேசியில் அழைத்து, அலுவலகத்தில் நேரமாகும் என்று சொல்ல வைக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கிறது. கணவர் அலுவலகத்தில்தான் சுடப்பட்டார் என்று மனைவி நம்பிவிடுகிறார். கென்னோ பல கல் தொலைவில் இருக்கிறான்.

இவ்வளவும் நம் கண்முன்னே நடக்கிறது. கொலம்போ இன்னும் வரவேயில்லை! ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் வெளியிட்ட ஒரு நூலிலேயே இந்தத் தலைகீழ் முறையைக் கையாண்டிருக்கிறார். முதலில் குற்றம், பிறகு விசாரணை. ‘யார்’ என்ற கேள்வியை எடுத்துவிட்டால் ‘எப்படி அகப்படுவான்’ என்ற கேள்வி மிஞ்சும் என்பார்கள். அது சரிதான். ஆனால், அதற்கும் மேலே ஒன்று மிஞ்சுகிறது. கொலைகாரனை நாம் தேட வேண்டியதில்லை என்பதால், அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. எப்படிச் சிரிக்கிறான், எந்த நொடியில் அந்தச் சிரிப்பு உறைகிறது, எதைத் தேவைக்கு மேல் விளக்குகிறான் என்று பார்க்கலாம். ஜேக் கேசிடி என்ற நடிகர் கென்னாக நடித்திருக்கிறார். அந்தப் புன்னகைக்காகவே இன்னொருமுறை பார்க்கலாம்.

கொலம்போவின் சந்தேகம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? கென், பழி வேறு யார்மீதோ விழட்டும் என்று, ஜிம்மின் உடலைத் தன் வீட்டுப் புல்தரையிலேயே போட்டுவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் சொல்கிறான். வந்து பார்த்த கொலம்போவின் கண்ணில் ஒரு சிறிய செய்தி படுகிறது. கென் தனக்கு வந்த கடிதங்களைப் பிரித்திருக்கிறான். அவ்வளவுதான். நெருங்கிய நண்பர் வாசலில் பிணமாகக் கிடக்கிறார். அப்போது ஒருவர் உறையைக் கிழித்துக் கட்டண ரசீதுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாரா? இன்னொன்று: நண்பர் சுடப்பட்ட செய்தி கேட்டவர் விமானத்தில் விரைந்து வராமல் ஏன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்? கேட்டால் கென்னிடம் விடை இருக்கிறது. விடை இருப்பதுதான் சிக்கலே.

இந்தத் தடயங்களைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். மனிதர் துயரத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்திருந்தால் போதும். இப்போதைய சில தொடர்களில் ஒரு முடி கிடைத்தால் விளம்பர இடைவேளை முடிவதற்குள் மரபணுச் சோதனையின் முடிவு வந்துவிடுகிறது; திரையில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது; குற்றவாளி பிடிபடுகிறார். அவற்றையும் நான் பார்ப்பேன். பார்த்து முடித்துத் தேநீர் போட எழுந்தால், பாதி மறந்துவிடும்.

ஒருநாள் அப்படியோர் அங்கம் முடிந்ததும் மகளிடம் கேட்டேன்.

“கொலைகாரர் பெயர் என்ன?”

சொன்னாள்.

“துப்பறிந்தவர்?”

அதையும் சொன்னாள். கத்தியில் என்ன இரசாயனம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“இறந்துபோனவர் பெயர்?”

அவள் யோசித்தாள். “அந்த... நீச்சல்குளத்தில் கிடந்த ஆள்தானே அம்மா?”

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கதை அவரை அப்படித்தான் வைத்திருந்தது. முதல் இரண்டு நிமிடங்களில் கிடப்பதற்கு ஓர் உடல் தேவைப்பட்டது, கிடந்தார். அதன் பிறகு அவர் ஒரு கணக்கின் தரவு. யாராவது அவருக்காக அழுதார்களா என்றுகூட நமக்குத் தெரியாது. ஒரு மனிதர் இறந்திருக்கிறார் என்பதே நினைவில் இல்லாத கொலைக் கதைகளை நாம் வாரத்திற்கு எத்தனை பார்க்கிறோம்!

கொலம்போவின் அந்த அங்கத்துக்கு மீண்டும் வருகிறேன். அது தொடங்கும்போது இசை இல்லை. தட்டச்சுப்பொறியின் ஓசை மட்டுமே கேட்கிறது. சாலையில் ஒரு கார் வருகிறது. அதன் மேல் அந்த டக் டக் ஓசை. ஜிம் தன் அறையில் எழுதிக்கொண்டிருக்கிறார். கதையில் அவர் உயிரோடிருக்கும் நேரம் சிறிதுதான். ஆனால், அவர் யார், என்ன செய்கிறார் என்பதை அந்த ஓசையே சொல்லிவிடுகிறது. அவர் உழைப்பாளி. பிறகு கொலம்போ, ஜிம்மின் மனைவி ஜோயன்னாவை வீட்டிற்கு அழைத்துச் சென்று, சமையலறையில் அவருக்காக ஆம்லெட் போடுகிறார். விசாரணைக்கு அந்தக் காட்சி அவ்வளவு முக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். கணவரை இழந்த பெண் ஒருவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று ஒரு காவல் அதிகாரிக்குத் தோன்றுகிறது. எனக்கு அது முக்கியமாகப்படுகிறது.

முடிவில் கென்னை மடக்குவது எது? இடையில் அவன் இரண்டாவது கொலை ஒன்றையும் செய்கிறான். அன்று அவனது காரில் ஜிம்மைப் பார்த்துவிட்ட ஒரு கடைக்காரப் பெண்ணை. முதற்கொலை அத்தனை நேர்த்தி, இரண்டாவது அரைகுறை. இரண்டையும் திட்டமிட்டது ஒரே மூளையாக இருக்காதே என்று கொலம்போ நினைக்கிறார். எழுதத் தெரியாத கென்னுக்கு இவ்வளவு நேர்த்தியான திட்டம் எப்படிக் கிடைத்தது? ஜிம்மின் காகிதக் குவியலில் தேடுகிறார். ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஒருவரை ஒதுக்குப்புற வீட்டுக்கு அழைத்துச் செல். அலுவலகத்தில் இருப்பதாக மனைவியிடம் சொல்ல வை... எல்லாம் ஜிம்மின் குறிப்பில் இருக்கிறது. இறந்தவரின் எழுத்தே கொன்றவனைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு துண்டுக் காகிதம் நீதிமன்றத்தில் நிற்குமா? எனக்கு ஐயம்தான். என் கணவர் இதைச் சொல்லித்தான் அந்த அங்கத்தைக் குறை கூறுவார். ஆனால், அடுத்து நடப்பதைப் பாருங்கள். பிடிபட்ட கென் பெருமையோடு ஒன்றைச் சொல்கிறான்: அந்த யோசனை ஜிம்முடையது அன்று, தன்னுடையதுதான். தன் வாழ்நாளில் தோன்றிய ஒரே நல்ல யோசனை. ஜிம் அதைக் குறித்து வைத்திருப்பார் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும், கைக்கு விலங்கு வரும் நேரத்திலும் ஒரு கதைக்கருவுக்குச் சொந்தம் கொண்டாடுகிறான். காலமெல்லாம் பிறர் எழுத்தில் வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய பசி! கொலை ஏன் நடந்தது என்று எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையாகப் புரிந்தது.

இரண்டாவது அங்கத்தைப் பற்றிச் சொல்வது எனக்குச் சற்றுக் கடினம். அது ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்’ என்ற தொடரில் 1993 மார்ச் மாதம் ஒளிபரப்பானது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘மூன்று ஆண்களும் அடீனாவும்’. எழுதியவர் டாம் ஃபொன்டானா. அந்த எழுத்துக்காக எம்மி விருது பெற்றார். இயக்கியவர் மார்ட்டின் கேம்பல். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் இரண்டை எடுத்தவர் அவர்தான். ஆனால் இங்கே காரும் இல்லை, துரத்தலும் இல்லை. அங்கம் ஏறக்குறைய முழுவதும் காவல் நிலையத்தின் ஒரு சிறிய விசாரணை அறைக்குள் நடக்கிறது. ஒரு மேசை, சில நாற்காலிகள், மூன்று மனிதர்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். அடீனா வாட்சன் என்ற 11 வயதுச் சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள். சந்தேகத்துக்குரியவர் ரிஸ்லி டக்கர் என்ற முதியவர். குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் விற்பவர். அந்த நகரில் இத்தகைய தெரு வணிகர்களை ‘அராபர்’ என்று அழைப்பார்கள். அடீனா அவருடைய குதிரையைப் பார்த்துக்கொள்ள வந்துபோனவள். முன்பே பலமுறை விசாரிக்கப்பட்டவர் அவர். இனி ஒரே ஒரு வாய்ப்புதான். 12 மணி நேரம். அதற்குள் வாக்குமூலம் கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

விசாரிப்பவர் இருவர். டிம் பேலிஸ் புதியவர். இது அவருடைய முதல் வழக்கு. இந்த முதியவர்தான் குற்றவாளி என்று அவர் மனத்தில் எழுதி வைத்துவிட்டார். ஃபிராங்க் பெம்பிள்டன் கைதேர்ந்தவர். பேச்சாலேயே எவரையும் பேச வைப்பவர். ஆண்ட்ரே பிராவர் என்ற நடிகரின் குரல் அதற்காகவே அமைந்ததுபோல் இருக்கும். இருவரும் மாறி மாறிக் கேட்கிறார்கள். நயமாகக் கேட்கிறார்கள், அதட்டுகிறார்கள், அன்பு காட்டுகிறார்கள், படங்களை மேசையில் வைக்கிறார்கள். சிறுமியின் ஆடையில் இருந்த கறை, முதியவரின் எரிந்துபோன கொட்டகையின் கரியோடு பொருந்துகிறது என்று அறிவியலும் வருகிறது. ஆனால், இங்கே எந்தப் பச்சை விளக்கும் எரிவதில்லை. கறை, அவள் அங்கே சென்றாள் என்று சொல்லலாம். அவர் கொன்றார் என்று சொல்லுமா?

மணி நகர்கிறது. ஒருகட்டத்தில் நிலைமை புரண்டுவிடுகிறது. இத்தனை நேரம் அடிபணிந்து இருந்த முதியவர் இருவரையும் ஏறிட்டுப் பார்க்கிறார். தம்மை விசாரிப்பவர்களை அவரும் அளந்து வைத்திருக்கிறார். பெம்பிள்டனின் செருக்கையும் பேலிஸின் உள்ளே ஒளிந்திருக்கும் இருளையும் எடுத்துச் சொல்கிறார். பேலிஸின் முகம் வெளிறிவிடுகிறது. முடிவில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். கொலையை அன்று. தம் வாழ்வில் தாம் மிகவும் நேசித்தது அந்தச் சிறுமியைத்தான் என்று. சொல்லும்போது குரல் உடைகிறது. மோசஸ் கன் என்ற மூத்த நடிகர் இந்தப் பாத்திரத்தில் நடித்தார். அதே ஆண்டு இறுதியில் அவர் காலமானார்.

இந்தச் சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு தனித்த முதியவரின் துயரமா? குற்றவாளியின் நழுவலா? ஒவ்வொரு முறையும் எனக்கு ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. 12 மணி நேரம் முடிகிறது. அவரை விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் உறுதியாக இருந்த பேலிஸ், இப்போது தமக்குத் தெரியவில்லை என்கிறார். பெம்பிள்டனோ, இப்போதுதான் தமக்கு உறுதி என்கிறார். ஒரே அறை, ஒரே சொற்கள். இருவரும் எதிரெதிர் பக்கம் போய்ச் சேர்கிறார்கள்.

மகளோடு உட்கார்ந்து இதைப் பார்த்தபோது, அவள் பாதியில் கேட்டாள். “அவர் சீக்கிரம் ஒத்துக்கிட்டா நல்லா இருக்கும், இல்லையாம்மா?” சிறிது நேரம் கழித்து அவளே, “செய்யாமல் இருந்திருந்தா?” என்றாள். பிறகு பேசவில்லை. இந்த அங்கம் செய்வது அதைத்தான். நமக்கும் களைப்பாக இருக்கிறது. நமக்கும் ஒரு முடிவு வேண்டும். யாராவது ஒருவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அந்த அவசரத்தில், சான்று போதுமா என்று கேட்க மறக்கிறோம். களைத்துப்போன மனிதரிடமிருந்து பிடுங்கிய ‘ஆமாம்’ உண்மையாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? அந்த அறைக்குள் நாற்காலி போட்டு நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார் ஃபொன்டானா.

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மை உண்டு. டேவிட் சைமன் என்ற செய்தியாளர் 1988ஆம் ஆண்டு முழுவதும் பால்டிமோர் கொலைப் புலனாய்வுப் பிரிவினரோடு இருந்து, கண்டதை 1991இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலிலிருந்து பிறந்ததுதான் தொடர். அதில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு வருகிறது. அந்த வழக்கில் யாரும் குற்றவாளியாக நிரூபிக்கப்படவில்லை. நாடகத்தில் எழுதுகிறவர் நினைத்தால் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். பார்வையாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால், உண்மையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காத விடையைக் கதையில் மட்டும் எளிதாகக் கொடுத்துவிட அவர்கள் விரும்பவில்லை போலும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன்.

தலைப்பை இன்னொருமுறை பாருங்கள். மூன்று ஆண்கள் அறைக்குள் இருக்கிறார்கள். அடீனா அங்கே இல்லை. ஆனாலும், பேச்சு எங்கே சென்றாலும் அவளிடமே திரும்பி வருகிறது. அவள் குதிரைக்குத் தீனி வைத்தது, அவள் சிரித்தது, அவள் உடுத்தியிருந்த ஆடை. அங்கம் முடிந்தபின் மகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பாள்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கொலம்போ. கென்னைப் போன்ற செல்வந்தர், அழுக்குக் கோட்டு மனிதர் ஒருவரிடம் மெல்ல மெல்ல மாட்டிக்கொள்வதைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. அந்த இன்பத்தை நான் மறுக்கமாட்டேன். மற்றதை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதே அதிகம். ஆனால், புதிய தொடர் எதையாவது பார்க்க உட்காரும்போது, பால்டிமோர் காவலர்களின் அலுவலகச் சுவரில் இருக்கும் ஒரு வெள்ளைப் பலகைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு துப்பறிவாளரின் பெயருக்கும் கீழே, அவர் விசாரிக்கும் வழக்கில் இறந்தவர்களின் பெயர்களை அதில் எழுதுவார்கள். வழக்கு முடிந்தால் கறுப்பு மை. முடியாவிட்டால் சிவப்பு. தொடர் 1999வரை, ஏழு பருவங்கள் ஓடியது. எத்தனையோ பெயர்கள் சிவப்பிலிருந்து கறுப்பாயின. பேலிஸின் பெயருக்குக் கீழே எழுதப்பட்ட அடீனா வாட்சன் என்ற பெயர் மட்டும் கறுப்பாகவே இல்லை.